ஓரத்து இடம்

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்தால் போதும், அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுவாள். பேருந்தானாலும் சரி, வங்கியானாலும் சரி, ஆஸ்பத்திரி பெஞ்சானாலும் சரி. மூளை யோசித்து முடிப்பதற்குள் இடுப்பு நகர்ந்திருக்கும். எழுந்தவர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால், அவர் இடத்தில் இந்த அம்மாள் கழுத்தை நிமிர்த்தி, லேசாகச் சிரித்தபடி அமர்ந்திருப்பாள். பிறகு அவளே "ஐயோ, மன்னிச்சுக்குங்க" என்று பதறி எழுந்திருப்பாள். ஒருமுறை பல் டாக்டரிடம் இப்படியே நகர்ந்து நகர்ந்து, தன் முறை வருவதற்கு முன்பே உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள் என்று அவள் கணவர் சொல்வார். அது கொஞ்சம் அளந்துவிட்டதுதான். ஆனால் முழுப் பொய் என்று அவளாலும் சத்தியம் செய்ய முடியாது.

குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் ஓரம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக் கணக்கில் மட்டும் இருக்கிறது. ஓரம் என்பது சினிமா வைத்த பெயர்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் பாட்டுக்காகவே ஒரு படம் எடுத்தார்கள். அதன் கதை என்னவென்று கேட்டால் பத்துத் தடவை பார்த்தவர்களே தலையைச் சொறிவார்கள். ஆனால் அந்தப் படிக்கட்டுப் பாட்டு என்றால் நேற்றுப் பிறந்தவர்களுக்கும் தெரியும். வெள்ளை வெளேரென்று ஒரு மரப் படிக்கட்டு, கூரையை முட்டுகிற உயரம். படிக்குப் படி வெள்ளி ஜரிகை கவுன் போட்ட பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். கதாநாயகி நடுவில் இறங்கி வருவாள். மேல்படியில், இடது பக்கக் கோடியில் நிற்கிறாளே ஒரு பெண், பாட்டு முடிகிறபோது கேமரா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற முகம், அதுதான் ஓரம்மா. இன்றைக்கும் யாராவது கைபேசியில் அந்தக் காட்சியைக் காட்டி, "இது நீங்கதானே?" என்று கேட்பார்கள். "ஆமா, இளைச்சிருந்தேன்" என்பாள். வேறொன்றும் சொல்ல மாட்டாள்.

அவள் கணவர் அதே படத்தில் டேப்காரராக இருந்தவர். முன்கூட்டியே பதிவு செய்த பாட்டைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிபெருக்கியில் ஓடவிடுவது அவர் வேலை. அதைக் கேட்டுத்தான் எல்லோரும் ஆட வேண்டும், வாயசைக்க வேண்டும். அந்தத் தளத்தில் சட்டம் என்று ஒன்றுதான் உண்டு. இயக்குநர் 'கட்' சொல்லும்வரை பாட்டு நிற்கக் கூடாது, பாட்டு நிற்கும்வரை ஆட்டம் நிற்கக் கூடாது. செருப்பு பிய்ந்தாலும், உடை கிழிந்தாலும், மயக்கமே வந்தாலும் சிரிப்பு மாறக் கூடாது. வரிசையில் ஒருத்தி குறைந்தால் அடுத்தவள் நகர்ந்து அந்த இடத்தை அடைத்துவிட வேண்டும். "ஓட்டை விட்டீங்கன்னா படம் பொக்கை வாய் மாதிரி தெரியும்டி!" என்று நடன மாஸ்டர் கத்துவார். அவருக்குப் பெண்களின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுமையெல்லாம் கிடையாது. நிற்கிற இடம்தான் பெயர். "ஓரம், கையை உசத்து! ரெண்டாவது, வயித்தை உள்ளே இழு!" இந்த லட்சணத்தில் போகும்.

டேப்காரர் இப்போது தெருமுனையில் மிக்ஸி, மின்விசிறி, ரேடியோ என்று எது வந்தாலும் பிரித்துப் போட்டுச் சரிசெய்கிற கடை வைத்திருக்கிறார். சட்டம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. எந்தப் பாட்டையும் பாதியில் நிறுத்த மாட்டார். அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலும் ரேடியோப் பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு சரணம் முடிகிறவரை நிற்பார். "அப்பா, வலியில துடிக்கிறது நீங்கதான், பாடகர் இல்லை" என்று மகள் கத்தியது அந்த வீட்டின் நிரந்தரமான ஜோக்.

மகளுக்கு நாற்பதைத் தொடப்போகிறது, அப்பாவுக்கு இன்னும் பாப்பாதான். கல்யாணம், விவாகரத்து இரண்டையும் சிக்கனமாக ஒரே வருஷத்தில் முடித்துக்கொண்டு, இரண்டு பெட்டியோடு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். தொழில் எடிட்டிங். விளம்பரம், பேட்டி, யாரோ ஒருவருடைய நிச்சயதார்த்தம், எது வந்தாலும் வெட்டி ஒட்டுவாள். வேலையில் கைநேர்த்தி உண்டு. தூசி மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. மூன்று தும்மல் வரிசையாக வரும். முதல் இரண்டும் பூனைத் தும்மல், மூன்றாவதில் ஜன்னல் கண்ணாடி அதிரும். குழந்தையிலிருந்தே அப்படி. ஒவ்வொரு தடவையும் மூன்றாவது தும்மலுக்கு ஓரம்மா கண்ணை மூடிக்கொள்வாள். சத்தத்துக்குப் பயம் என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மகள்தான் ஒருநாள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடிவந்தாள்.

"அம்மா! உன் படத்தைப் பத்தி ஒரு படம் எடுக்கறாங்க. எப்படி எடுத்தாங்க, யார் யார் வேலை செஞ்சாங்கன்னு, நாற்பதாவது வருஷக் கொண்டாட்டம். எடிட்டிங் யார் தெரியுமா? நான்! எங்க அம்மா மேல்படி ஓரத்துல ஆடினவங்கன்னு சொன்னேன், அங்கேயே முடிவாயிடுச்சு."

"அப்படியா" என்றாள் ஓரம்மா. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே பார்க்கவில்லை.

"இன்னொண்ணு கேளு. தயாரிப்பாளரோட தம்பிக்குக் கேமரா பைத்தியமாம். படப்பிடிப்பு நடந்த அத்தனை நாளும் ஒரு மூலையில நின்னு, சின்னக் கேமராவுல தளத்தையே படம் பிடிச்சிருக்காரு. கூடவே ஒரு டேப் ரெக்கார்டரையும் ஓடவிட்டிருக்காரு. வீட்டை இடிக்கறப்ப டப்பா டப்பாவா கிடைச்சிருக்கு. அதையெல்லாம் நான்தான் பாக்கப்போறேன். படிக்கட்டுப் பாட்டும் முழுசா இருக்குதாம், பக்கவாட்டுல இருந்து எடுத்தது."

ஓரம்மா அப்போதுதான் அடுப்பை அணைத்தாள்.

விஷயத்தை மூடி மறைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அந்தப் படிக்கட்டில் அவள் ஓரமே இல்லை. ரெண்டாவது. கோடியில் நின்றவள் வேறொருத்தி. மாஸ்டருக்கு அவள் ஓரம், தோழிகளுக்குத் தும்மல். பவுடர் டப்பாவைத் திறந்தாலே மூன்று தும்மல் போடுவாள், மூன்றாவதற்கு மேக்கப் அறையே எழுந்து நின்று கைதட்டும். அவளும் ஓரம்மாவும் ஒரே வாடகை அறையில் இருந்தவர்கள். தும்மலுக்கு ஒரு கைக்குழந்தை. அப்பா யாரென்று யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. குழந்தையைத் தளத்துக்கே தூக்கி வந்து, உடை அறையில் பழைய பாவாடைகளைக் குவித்து அதன்மேல் படுக்கவைத்துவிட்டு ஆட வருவாள்.

கடைசி நாள், கடைசி டேக். படி பளபளக்க வேண்டுமென்று யாரோ எண்ணெய்த் துணியால் துடைத்திருந்தார்கள். பாட்டு உச்சத்தில் இருந்தபோது தும்மலின் கால் வழுக்கியது. பின்பக்கம் தடுப்பு கிடையாது, கேமராவுக்குத் தெரியாத பக்கத்துக்கு யார் தடுப்பு வைப்பார்கள்? சத்தமே இல்லாமல் பின்னால் போய்விட்டாள். கேமரா அப்போது கதாநாயகிமேல் இருந்தது. ரெண்டாவதாக நின்றவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, ஓரத்துக்கு நகர்ந்தாள். கேமரா மேலே வந்தபோது வரிசை குறையில்லாமல் இருந்தது. கீழே டேப் பக்கத்தில் நின்றவரும் பார்த்தார். அவர் கை விசைமேல்தான் இருந்தது. 'கட்' என்று யாரும் சொல்லவில்லை, அதனால் அவரும் நிறுத்தவில்லை. பாட்டு முழுசாக ஓடி முடிந்தது. பிரமாதம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பிறகுதான் படிக்கட்டுக்குப் பின்னால் போனார்கள். உயிர் அப்போதும் இருந்தது, ஆஸ்பத்திரி வாசலில் போய்விட்டது. பாதியில் நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று இருவரும் நாற்பது வருஷமாக ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை.

குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று தயாரிப்பு அலுவலகம் காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிட்டது. படத்தில் அந்த டேக்தான் இருக்கிறது. மாஸ்டர் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டபோது, "ஓரம், வா" என்று இவளைப் பார்த்துச் சொன்னார். மறுக்கத் தோன்றவில்லை. இடமும் வந்தது, பெயரும் வந்தது. குழந்தையும் வந்தது. டேப்காரர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார், வேறு பேட்டைக்குக் குடிபோனார்கள், குழந்தையின் பிறந்த வருஷத்தைத் தள்ளிப் போட்டுப் பதிவு செய்தார்கள். தான் அந்தப் படம் வந்த மறுவருஷம் பிறந்ததாகத்தான் மகள் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அந்த மகள், தன்னைப் பெற்றவள் விழுந்ததையும், வளர்த்தவள் சிரித்துக்கொண்டே நகர்ந்ததையும் டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்கப்போகிறாள்.

அன்றிலிருந்து ஓரம்மாவுக்கு மகள் வீடு திரும்புகிற நேரம் கழுத்தில் கத்தி வைத்த நேரமாயிற்று. மாடிப்படியில் காலடி கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்வாள். மகளோ சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தாள். ரீல்களை வரிசைப்படி பார்த்துக்கொண்டு வருவதாகவும், முதலில் ஒத்திகை, பிறகு படிக்கட்டு கட்டுவது, பாட்டு கடைசியில் என்றும் தினமும் சொன்னாள். படிக்கட்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயர்ந்துகொண்டே வந்தது.

முதலில் குழந்தை வந்தது.

"உடை அறையை எடுத்திருக்காரும்மா. பாவாடைக் குவியல் மேல ஒரு குழந்தை மல்லாக்கப் படுத்து, கட்டை விரலைச் சூப்பிக்கிட்டு ராஜா மாதிரி இருக்கு. யாரோடது?"

"உடைக்காரம்மாவோடது" என்றாள் ஓரம்மா. யோசிக்காமலே வந்துவிட்டது. பொய் இவ்வளவு சரளமாக வாயில் காத்திருந்ததே என்று அவளுக்கே திக்கென்றது.

"கொழுகொழுன்னு இருக்கு. பாவம், அந்த இரைச்சல்ல எப்படித்தான் தூங்குச்சோ!"

டேப்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒலிநாடா. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, "ரெண்டு பேரும் இதைக் கேளுங்க, சிரிச்சுச் செத்துடுவீங்க" என்று மகள் பொத்தானை அழுத்தினாள். நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ ஆணி அடிப்பது, மாஸ்டரின் கரகரத்த குரல். பிறகு ஒரு சின்னத் தும்மல். இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. நாற்பது வருஷத்தைத் தாண்டி வந்து அது மேஜையிலிருந்த டம்ளரை அதிர வைத்தது. அதன் பின்னால் பெண்கள் கைதட்டிச் சிரிக்கும் சத்தம். அந்தச் சிரிப்பில் தன் குரலை ஓரம்மா அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்னை மாதிரியே தும்முறாம்மா! அச்சு அசல்! ஆபீஸ்ல எல்லாரும் திரும்பி என்னையே பாக்கறாங்க. யாரும்மா அது?"

"எத்தனையோ பேர் இருந்தோம். யாருன்னு கண்டது?" என்று சொல்லிவிட்டு ஓரம்மா தண்ணீர் எடுக்க எழுந்தாள். குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றாள். சொம்பு நிரம்பி வழிந்தது. தும்மலின் குரலை அவள் மறந்துபோயிருந்தாள். அவள் போடும் தும்மலை மறக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை மகள் வேலைக்குக் கிளம்பியதும், கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவரை வழிமறித்தாள்.

"என்னங்க, உங்க கடையில பெரிய காந்தம் ஒண்ணு இருக்குல்ல? அதைக் கம்ப்யூட்டர் பக்கத்துல வெச்சா எல்லாம் அழிஞ்சிடும்னு சொல்வீங்களே."

"கம்ப்யூட்டர்ல இருக்கறது நகல்தான். டப்பா எல்லாம் அவங்ககிட்ட பத்திரமா இருக்கு."

"அப்ப என்னதான் பண்றது?"

"சொல்லிடுவோம். அவளாக் கண்டுபிடிக்கறதுக்குள்ள நாமளே சொல்லிடுவோம்."

"சொன்னா அவ என்னை அம்மான்னு கூப்பிடுவாளா? நீங்க சொல்லுங்க. கூப்பிடுவாளா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, இடதை வலதில் போட்டுவிட்டு, மறுபடி கழற்றி மாட்டிக்கொண்டு போனார்.

பேட்டி எடுக்க வந்தார்கள். புதுப் படத்தின் இயக்குநர் முப்பது வயதுப் பையன், வாய் நிறைய ஆன்ட்டி. சோபாவை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, இரண்டு பெரிய விளக்கை வைத்து, அந்தச் சின்ன அறையை அடுப்பாக்கிவிட்டான். ஓரம்மாவின் முகத்தில் பவுடர் போட்டார்கள். பவுடர் வாசனை மூக்கில் ஏறியதும் பழைய மேக்கப் அறை நினைவுக்கு வந்தது. கேமராவுக்குப் பின்னால் மகள் பெருமையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி இருந்தீங்களாமே, ஆன்ட்டி?"

"ஆமா, ஒரே குடும்பம்தான்."

"அவ்வளவு உயரமான படி. ஆடறது கஷ்டமா இல்லையா?"

இதற்கு 'கஷ்டம்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். விழுந்ததைப் பற்றி யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பயந்தவர்களின் வாய் எப்போதும் ஒரு வாக்கியம் கூடுதலாகத்தான் பேசும்.

"கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்லை தம்பி. யாருமே விழலை. ஒருத்திக்குக்கூட ஒரு கீறல் விழலை. நல்லபடியா முடிஞ்சுது. யாரும் விழவே இல்லை."

விளக்கு சூட்டில் பவுடர் வழிந்தது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்பை அவள் போட்டுக்கொள்ளவில்லை, கேமரா ஓடுகிற சத்தம் கேட்டதும் அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பையன், "சூப்பர், ஆன்ட்டி" என்றான். பின்னால் நின்றிருந்த மகள் புருவத்தை லேசாகச் சுருக்கியதை டேப்காரர் பார்த்தார். யாராவது விழுந்தார்களா என்றே கேட்கவில்லையே, எதற்கு மூன்று தடவை சொன்னாள்?

அதற்கப்புறம் மகளின் பேச்சு மாறிப்போனது. சாயங்காலங்களில் வந்து செய்தி சொல்வது குறைந்தது. ரீலில் எதைத் தேடுகிறாள் என்பது அவளுக்கே தெரிந்ததோ என்னவோ, நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, உன்னை மாஸ்டர் ஓரம்னுதானே கூப்பிடுவாரு?"

"ஆமா."

"ஒத்திகை ரீல்ல 'ஓரம், கையை உசத்து'ன்னு கத்தறாரு. கையை உசத்தறது நீ இல்லை. பக்கத்துல நிக்கிற பொண்ணு. 'ரெண்டாவது'ன்னு சொன்னாத்தான் நீ திரும்பறே."

மடித்த போர்வையை ஓரம்மா உதறி மறுபடி மடித்தாள். "முதல்ல அவ ஓரத்துல நின்னா. அப்புறம் இடம் மாத்திக்கிட்டோம்."

"எப்ப?"

"ஞாபகம் இல்லைடி. நாற்பது வருஷம் ஆச்சு."

"அந்தப் பொண்ணுதாம்மா தும்முறது" என்றாள் மகள். "உதடு அசையறதை வெச்சுச் சத்தத்தைப் பொருத்திப் பாத்துட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து போனாள். சோபாவில் அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு, துணிக்குவியலோடு சேர்த்து, ஓரம்மா தன்னை அறியாமல் நகர்ந்திருந்தாள். அதை உணர்ந்ததும் நெருப்பைத் தொட்டவள் போல எழுந்துகொண்டாள்.

அப்புறம் நாலைந்து நாள் மகள் எதுவும் கேட்கவில்லை. வருவாள், சாப்பிடுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். கேள்வி கேட்கிறவளைச் சமாளிக்கலாம், கேட்காதவளை என்ன செய்வது? அறைக்குள்ளிருந்து அந்தப் பாட்டு கேட்கும். ஒரே வரி, மறுபடி அதே வரி, மறுபடி. உச்சத்துக்குப் போகும், அங்கே அறுந்து நிற்கும், முதலிலிருந்து வரும். வெளியே டேப்காரர் ஒவ்வொரு தடவையும் பாட்டு அறுகிற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இடம் எது என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும், மகள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். சோபாவில் அப்பா ஒரு பக்கம், அம்மா நடுவில். மகள் அம்மாவை ஒட்டி மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பாட்டுப் பகுதி முடிச்சுட்டேன். பாருங்க."

திரையில் வெள்ளைப் படிக்கட்டு வந்தது, பக்கவாட்டிலிருந்து. முன்பக்கம் அரண்மனை, பின்பக்கம் வெறும் மரச்சட்டங்களும் கயிறும். வெள்ளி கவுன்கள் அசைந்தன. கீழே டேப் மெஷின் பக்கத்தில் மீசை அரும்பிய ஒரு இளைஞன் நின்றிருந்தான், விசைமேல் கை. பாட்டு ஏறிக்கொண்டே போனது. ஓரம்மா கணவரின் விரலைப் பிடித்துக்கொண்டாள். இதோ வருகிறது, இதோ. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள், இமை இறங்கவில்லை. மேல்படியின் கோடியில் தும்மல் சிரித்துக்கொண்டு நின்றாள். பாட்டு உச்சத்தைத் தொட்டது.

கதாநாயகியின் முகம் வந்தது. பிறகு கைதட்டுகிற ஆட்கள் வந்தார்கள். பிறகு மறுபடி மேல்படி, அங்கே ஓரத்தில் ரெண்டாவது நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். விழுந்தது எங்கேயும் இல்லை.

ஓரம்மா கணவரின் விரலை விட்டாள். தப்பித்தேன் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"நடுவுல கொஞ்சம் இருந்துச்சும்மா" என்றாள் மகள், திரையைப் பார்த்தபடியே. "அந்தப் பொண்ணு விழறா. பின்பக்கமா, அவ்வளவு உயரத்துல இருந்து. ஒருத்தரும் நிக்கலை. நீ அவளைப் பாக்கறே. பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே அவ இடத்துக்குப் போறே. நாலு நாளா அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். எங்க டைரக்டருக்குக் காட்டலை. வெட்டிட்டேன். உனக்காகத்தான் வெட்டினேன். ஒட்டினது யாருக்கும் தெரியாது."

திரையில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அதுக்கப்புறம் அந்த ரீல்ல இன்னும் கொஞ்சம் இருக்கு. உடை அறை. நீ வெள்ளி கவுனோட, மேக்கப் கலைஞ்சு நிக்கறே. உடைக்காரம்மா குழந்தைன்னியே, அது உன் இடுப்புல இருக்கு. கேமராவைப் பாத்ததும் அதோட முகத்தை மூடறே." மகள் முதல் முறையாகத் திரையிலிருந்து திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "அதையும் வெட்டிடறேன். நீ சொன்னா எல்லாத்தையும் வெட்டிடறேன். எனக்கு மட்டும் சொல்லு. அந்தக் குழந்தை யாரும்மா?"

பதில்கள் இருந்தன. செத்துப்போச்சு எனலாம். உறவுக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள் எனலாம். நாற்பது வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில்கள்தான். எதைச் சொன்னாலும் மகள் நம்பிவிடுவாள், நம்புவதற்காகவே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. வெட்டி ஒட்டியாயிற்று, இன்னும் ஒரு அடி நகர்ந்தால் போதும், வரிசை குறையில்லாமல் ஆகிவிடும்.

அப்போது டேப்காரர் எட்டிக் கை நீட்டினார். பாட்டு சரணத்தின் நடுவில் இருந்தது. யாரும் 'கட்' சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினார். பாட்டு நின்றது. மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நீதான்" என்றாள் ஓரம்மா.

மகள் லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்தவதான் உன்னைப் பெத்தவ. நான் நகர்ந்தேன். அவ விழறதைப் பாத்துட்டுத்தான் நகர்ந்தேன். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கால் தானாப் போச்சு. அப்பா பாட்டை நிறுத்தலை. பாட்டு முடியற வரைக்கும் அவ அங்கேயே கிடந்தா."

"அவங்க பேரு என்ன?" என்றாள் மகள்.

ஓரம்மா சொன்னாள். ஓரம் என்றோ தும்மல் என்றோ சொல்லவில்லை, பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னாள். அந்த வீட்டுச் சுவர்கள் அதைக் கேட்பது அதுவே முதல் தடவை.

மகள் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். லேப்டாப்பை மூடினாள். "வெட்டினதைத் திரும்ப வைக்கப்போறேன்" என்றாள். 'அம்மா' என்று அழைக்கவில்லை, 'அப்பா' என்றும் அழைக்கவில்லை, பொதுவாகச் சொன்னாள். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது, பரணிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. பரண் தூசி பறந்திருக்க வேண்டும். ஒரு சின்னத் தும்மல், இன்னொன்று, பிறகு மூன்றாவது. இந்தத் தடவை ஓரம்மா கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

சோபாவின் ஓரம் காலியாக இருந்தது, உட்கார்ந்த குழி இன்னும் மேலெழவில்லை. ஓரம்மாவின் இடுப்பு அந்தப் பக்கம் நகரத் தொடங்கியது. டேப்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நகராதே" என்றார். "அந்த இடம் அப்படியே இருக்கட்டும்."

அவள் நகரவில்லை.